சாமி வரும் தெருவில் ஒரு டிரையர்

எங்கள் தெருவில் சாமி வரும் நாட்களில் பால்கனியில் உடுப்புத் தொங்கக் கூடாது. இந்த விதி எங்கேயும் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. மயிலாப்பூருக்குக் குடிவந்த பிறகு வந்த முதல் பங்குனியில், ஒரு சனிக்கிழமை காலை, தோய்த்த உடுப்புகளைப் பால்கனிக் கொடியில் விரித்து முடித்த நேரம் கதவு தட்டப்பட்டது. வாட்ச்மேன் முருகேசன் நின்றார்.

“மேடம், சாமி வந்துகினு கீது. துணியெல்லாம் உள்ள எட்துக்கோங்க.”

“எப்ப வரும்?”

“அது சாமி மேடம். வர்றப்ப வரும்.”

அவர் படியிறங்கும் முன்பே தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. ஓடிப்போய்க் கொடியில் இருந்ததை எல்லாம் அள்ளினேன். கடைசித் துவாயை உருவிய நேரம் சாமி எங்கள் வீட்டுக்கு நேரே வந்துவிட்டார். எதிர்வரிசையில் எல்லாப் பால்கனிகளும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். மேல்மாடியில் வீட்டுக்காரர் கோமதி மாமி கம்பியில் சாய்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். சாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கைகளில் இருந்த ஈரக்குவியலைப் பார்த்தார், மறுபடி சாமியைப் பார்த்தார். எனக்குக் கும்பிடக் கை இல்லை. என் காலுறை ஒன்றிலிருந்து தண்ணீர் தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் பெர்கன் உறவுகள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போய் வளர்ந்த அந்த நோர்வே நகரத்திலும் இதே விதி இருக்கிறது. அங்கே அச்சடித்து மாடிப்படியில் ஒட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் வெளியே உடுப்புக் காயவிடக் கூடாது. மழை ஓயாத அந்த ஊரில், நாங்கள் போன முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறிப்போய் வெயில் எறித்தது. அம்மா வீட்டில் இருந்த அத்தனை உடுப்பையும் தோய்த்துப் பால்கனியில் விரித்துவிட்டு, ஏதோ சாதித்த மாதிரி தேநீர் குடித்தாள். மத்தியானம் கதவிடுக்கில் ஒரு ‘லப்’ கிடந்தது. லப் என்றால் துண்டுச் சீட்டு. நோர்வேக்காரர் முகத்துக்கு நேரே சண்டை பிடிக்க மாட்டார்கள், சீட்டு எழுதுவார்கள். அப்பா மொழி தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து வாசித்துக் காட்டினார். “இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை அன்புடன் நினைவூட்டுகிறேன்” என்று இருந்ததாம். அப்பாவுக்கு விளங்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமை எண்டு எங்களுக்கும் தெரியும்தானே? அதாலதான் தோய்ச்சது” என்றார். அங்குள்ள கடவுள் தெருவில் வருவதுகூட இல்லை. இருந்தும் அவருக்கும் ஈர உடுப்பு ஆகாது. நாடு மாறிப் பார்த்ததில் நான் கண்ட முதல் ஒற்றுமை இதுதான்.

பெர்கனில் இதற்கு விடை கீழ்த்தளத்து ‘வாஸ்கேரி’. முழுக் கட்டடத்துக்கும் பொதுவான சலவை அறை. அங்கே சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூட்டு; எந்த நேரம் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் பூட்டை மாட்ட வேண்டும். அறையின் மூலையில் ‘தொர்க்கத்ரொம்மல்’ என்ற உலர்த்தும் இயந்திரம் உருண்டுகொண்டிருக்கும். பள்ளிவிட்டு வந்து அதன் கண்ணாடிக் கதவின் முன்னால் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் செய்தேன். கட்டடத்திலேயே சூடான இடம் அதுதான். பின்னாளில் நான் காற்றோட்டப் பொறியியல் படித்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கட்டடத்துக்குள் காற்று எப்படி வரும், எப்படிப் போகும் என்று கணக்குப் போடுவது என் தொழில். அந்தத் தொழில்தான் என்னைக் கிண்டியில் ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது.

சென்னைக்குப் போகிறேன் என்றதும் பெர்கனில் எல்லோரும் “எங்கட சனத்திட்டப் போறாய்” என்றார்கள். இங்கே வீடு தேடியபோது எங்கட சனம் என்னிடம் கேட்டவை வரிசையாக: சிலோனா, நார்வேயா? கல்யாணம் ஆகிவிட்டதா? தனியாகவா? மீன் உண்டா? பாஸ்போர்ட் நோர்வே என்றால் ஒரு சந்தேகம், பேச்சு யாழ்ப்பாணம் என்றால் வேறொரு சந்தேகம். கதவைத் திறந்து, நான் வாய் திறந்ததும் மூடிய வீடுகள் பல. கோமதி மாமி மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: “ஆத்துல மீன் சமைப்பியோ?” இல்லை என்றேன். அது உண்மை, மீனை நான் கிண்டியில் சாப்பிடுகிறேன். பதினொரு மாத ஒப்பந்தத்தில் முதல் மாடி எனக்குக் கிடைத்தது. இரண்டாம் மாடியில் மாமியும் அவர் கணவர் வைத்தி மாமாவும். அதற்கு மேலே மொட்டை மாடி.

மொட்டை மாடியில் கொடிகள் வரிசையாக இருந்தன, எல்லாம் மாமியுடையவை. இதில் பேராசை எதுவும் இல்லை. மாமி வீட்டில் மடி பார்ப்பார்கள். குளித்துவிட்டு நனைத்து உலர்த்திய துணியை, அதைக் கட்டும்வரை வேறு யார் கையும் படாமல் காப்பதுதான் மடி. தீட்டை எங்கள் பக்கத்தில் துடக்கு என்போமே, அதற்கு நேர் எதிரானது. மாமி நீளக் குச்சியால் துணியை உயரத்துக் கொடியில் ஏற்றுவார், குச்சியாலேயே இறக்குவார். பக்கத்துக் கொடியில் என் ஜீன்ஸ் காற்றில் ஆடினால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே எனக்கு விளங்கியது. ஆக, மாடி இல்லை. பால்கனி உண்டு, ஆனால் மயிலாப்பூரில் சாமிகள் அடிக்கடி வெளியே வருகிறார்கள். அறைக்குள் விரித்தால் எல்லாவற்றிலும் பூஞ்சண மணம். அடையாறில் ஒரு ஜெர்மன் குடும்பம் ஊருக்குத் திரும்பப்போவதாகவும், டிரையரை விற்பதாகவும் அலுவலகத்தில் சொன்னார்கள். அன்று மாலையே போய் வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பிள்ளை, நாங்கள் இஞ்ச வெயிலுக்குத் தவம் கிடக்கிறம். அங்க அது சும்மா எரியுது. நீ அதுக்கை போய்த் தொர்க்கத்ரொம்மல் வாங்கிப்போட்டாய், என்ன?” அதன்பிறகு பெர்கனில் யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அம்மா அந்தச் செய்தியைத் தேநீரோடு பரிமாறுகிறாள் என்று அறிகிறேன்.

டிரையர் எளிமையான இயந்திரம். அறைக் காற்றை இழுக்கும், சூடாக்கும், உருளையில் சுழலும் ஈர உடுப்புக்குள் செலுத்தும், நனைந்த காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். என் சமையலறைப் பின்சுவரில் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த வட்டத் துளை ஒன்று சும்மா கிடந்தது. குழாயை அதில் பொருத்தினேன். துளைக்கு வெளியே நாலு பக்கமும் சுவரெழும்பிய காற்றுச்சந்து. கீழேயிருந்து மொட்டை மாடிவரை போகும், மழை விழாமல் மேலே ஃபைபர் ஷீட் போட்டிருக்கும். “ஒரு ட்யூப்தானே, வச்சுக்கோ” என்று மாமி அனுமதி கொடுத்தார். சூடான காற்று மேலே போகும் என்பது எனக்குக் கல்லூரியில் சொல்லித்தந்த முதல் பாடம். அந்தச் சந்தில் எனக்கு நேர்மேலே திறப்பது மாமியின் பூஜை அறை ஜன்னல் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயின. ஆவணியில் ஒருநாள் படிக்கட்டில் மாமி என்னை நிறுத்தினார்.

“ஏண்டிம்மா, சாயங்காலமானா உங்காத்துலேர்ந்து ஒரு வாசனை வரது. கமகமன்னு எங்காத்து ஸ்வாமி ரூம் வரைக்கும் வரது.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடுப்பு மென்மையாவதற்கு நான் போடும் வாசனைத் திரவம் அது. அன்றே தி. நகருக்குப் போய் அதே போத்தல் ஒன்று வாங்கி, அழகாகச் சுற்றி, மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி வாங்கிக்கொண்டார். போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “பேஷ்” என்று மட்டும் சொன்னார். லப் எழுதும் ஊரில் வளர்ந்தவள் நான். கடிதமாக வராத எதுவும் முறைப்பாடு என்று எனக்குப் படுவதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது, டிரையர் படுத்தது. சரியாகச் சொன்னால் படுக்கவில்லை; உருளை சுற்றியது, சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் சூடாகும், பிறகு சூடு நின்றுவிடும். வெளியே எடுத்தால் உடுப்பு வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும், காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருக்கும். வீடு முழுக்க நாற்காலி முதுகிலும் கதவு விளிம்பிலும் ஈரம் தொங்கியது. அந்த வாரம் கீழே தபால் பெட்டி அருகே மாமி கேட்டார்: “மெஷின் இன்னும் சரியாகலையா? வேலை செய்யாததை எதுக்கு வச்சுண்டு கஷ்டப்படறே?” பிறகு போகிற போக்கில், “மார்கழியோட அக்ரிமென்ட் முடியறது. பார்ப்போம்” என்றார். மார்கழியில்தான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் பெர்கன் போக வேண்டும். திரும்பி வர எனக்கு ஒரு வீடு இருக்குமா? மறுபடி கதவு கதவாகத் தட்டி, சிலோனா நார்வேயா என்பதில் தொடங்க வேண்டுமா? மெஷின் ஒழுங்காக, சத்தமில்லாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிவிட்டால் மாமியின் மனம் இளகும் என்று நான் நினைத்தேன். அதைச் சரிசெய்வது அன்றிலிருந்து உடுப்பு சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை.

வேளச்சேரியிலிருந்து சேகர் என்ற மெக்கானிக் வந்தார். வாஷிங் மெஷினில் கெட்டிக்காரர் என்று பெயர். முழங்கால்வரை நனைந்து வந்தவர், இயந்திரத்தைச் சுற்றி வந்து பின்னால் எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், தண்ணி பைப்பே காணோம்?”

“இது தோய்க்கிற மெசின் இல்லை. காயவைக்கிறது மட்டும்.”

“அதுக்குன்னு தனியாவா? மாடி இன்னாத்துக்குக் கீது?”

“மாடி வீட்டுக்காரருக்கு.”

“வெயிலு?”

நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே மழை கொட்டியது. அவரும் பார்த்தார், ஒத்துக்கொண்டார். “சரி, தொறந்து பாத்துருவோம்.”

முதல் நாள் வோல்டேஜ் என்றார், ஸ்டெபிலைசர் வைத்தோம். அடுத்த முறை தெர்மோஸ்டாட் என்றார், மாற்றினோம். மூன்றாம் முறை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாரோ அண்ணனுக்குப் போன் போட்டு, “நைனா, சுத்துது, ஆனா காயல” என்று நெடுநேரம் பேசினார். கடைசியில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

“மெஷினு ஃபாரின் மேடம். இந்த ஊரு காத்து அதுக்கு ஒத்துக்கல.”

என்னைப் பற்றியும் அலுவலகத்தில் இதைத்தான் சொல்கிறார்கள். அதனால் நான் வாதாடவில்லை.

மறுநாள் நானே உட்கார்ந்தேன். பிழை தேடுவதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு: காற்று எங்கே நுழைகிறதோ அங்கே தொடங்கி, அது போகும் வழியே நானும் போவேன். பஞ்சு வடிகட்டி சுத்தம். சூடாக்கும் கம்பி உயிரோடு இருந்தது. உருளையின் பட்டி இறுக்கம். மிஞ்சிச் சூடானால் தானே நின்றுவிடும் பாதுகாப்புச் சுவிட்சு அடிக்கடி விழுந்திருந்தது. அது விழுவது நோய் அல்ல, அறிகுறி. உள்ளே வந்த காற்று வெளியே போகவில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, சமையலறைக்குள்ளேயே காற்றை விட்டு ஓட்டிப் பார்த்தேன். சமையலறை ஆவியில் மறைந்தது, உடுப்பு மொறுமொறுப்பாகக் காய்ந்தது. ஆக, மெஷினில் ஒரு பிழையும் இல்லை. ஒட்டடைக்குச்சியின் அடிப்பக்கத்தைச் சுவர்த் துளைக்குள் விட்டேன். மெத்தென்று எதிலோ முட்டியது. சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போனைத் திருப்பிப் பிடித்துப் படம் எடுத்தேன்.

துளையில் ஒரு வேட்டி திணிக்கப்பட்டிருந்தது. ஏனோதானோவென்று இல்லை, மடித்துச் சுருட்டி, ஓரங்களை உள்ளே தள்ளி, திருத்தமாக. அந்த மயில்கழுத்துக் கரையை நான் அறிவேன். வைத்தி மாமா காலையில் பேப்பர் எடுக்க வரும்போது இடுப்பில் இருப்பது.

படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றோட்டம் படித்தவள் கடைசியாகப் பார்த்த இடம் காற்றுப் போகும் வாசல். அதைவிட என்னை அடித்தது வேறு. அந்த உயரத்துக்கு ஏணி வேண்டும். ஏணி முருகேசனிடம்தான் இருக்கிறது. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். ‘மெஷின் இன்னும் சரியாகலையா’ என்று பரிவோடு கேட்ட மாமிக்கு நன்றாகவே தெரியும். நவராத்திரிக்குப் பூஜை அறையில் கொலு வைத்தபோது அடைத்திருக்க வேண்டும். கமகமவென்று வந்த வாசனைக்கு அர்த்தம் இப்போது விளங்கியது: என் காலுறைகளுக்குள்ளும் உள்ளுடுப்புகளுக்குள்ளும் புகுந்து வந்த காற்று, மாமியின் சாமிகள் மேல் வீசியிருக்கிறது. நான் அதற்குப் பரிசாக ஒரு போத்தல் கொடுத்திருக்கிறேன். பெர்கனில் என்றால் ஒரு லப் எழுதியிருப்பார்கள். அதைக் கசக்கி எறிந்து, மனதுக்குள் திட்டி, அடுத்த நாள் லிஃப்டில் ஒருவருக்கொருவர் ‘ஹை’ சொல்லியிருப்போம். வேட்டிக்கு என்ன பதில் எழுதுவது?

போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். ஏறும்போதே சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன்: வாடகைக்கு இருப்பவளின் உரிமை, நம்பிக்கை, தெர்மோஸ்டாட். மாமி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நிலையைத் தாண்டக் கால் வைத்தேன்.

“அங்கேயே நில்லு!” உள்ளேயிருந்து மாமியின் குரல். “மடித்துணி கட்டியிருக்கு. உள்ள வராதே.”

நின்றேன். கூடத்தின் உத்தரத்துக்குக் கீழே ஒரு மூங்கில் கழியில் அரக்கு நிற ஒன்பது கஜப் புடவை நீள நெடுகத் தொங்கியது. அதன் கீழே மாமா ஒரு ஸ்டாண்டு ஃபேனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். மாமி நாற்காலியில் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில் மாதிரி வந்தது. மடியில் இன்ஹேலர்.

“கோவமா வந்திருக்காப்ல இருக்கே?” என்றார் மாமா.

“மாமா, எங்கட வீட்டுச் சுவர்த் துளையில...”

“நாளைக்கு எங்கம்மா ஸ்ரார்த்தம்மா,” என்றார் அவர் அவசரமாக. “நேத்திக்குக் காலம்பற நனைச்சுக் கட்டினது. இன்னும் பிழிஞ்சா ஜலம் வரும். மழை விட்டாத்தானே காயும்? போன வருஷமும் இப்படித்தான். ஈரத்தோடயே கட்டிண்டு சமைச்சா. சாயங்காலம் மூச்சுவிட முடியாம ஆஸ்பத்திரி. பட்டு கட்டிக்கோடின்னா கேக்கமாட்டேங்கறா.”

“உங்கம்மா பட்டு கட்டிண்டு ஸ்ரார்த்தம் பண்ணினதைப் பார்த்திருக்கேளா?” என்றார் மாமி, மூச்சுக்கு நடுவில்.

“எங்கம்மாவுக்கு வீசிங் இல்லையே!”

“அதுக்கு நான் என்ன பண்றது? ஈரமும் மடிதான். நாளைக்கு ஈரத்தோட கட்டிப்பேன். வரது வரட்டும்.”

நான் புடவையைப் பார்த்தேன். சண்டை போட வந்தவள்தான். ஆனால் தொழில் புத்தி போகுமா? மூடிய அறை, நனைந்த காற்று. அந்த ஃபேன் ஈரத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். விடியும்வரை சுற்றினாலும் காயாது. இஸ்திரி போடத் தொட வேண்டும். என் உருளைக்குள் போடுவது நினைத்துப்பார்க்கவே முடியாது. சூடான, உலர்ந்த காற்று வேண்டும். கட்டடத்தில் அது வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் ஒரு வேட்டி இருந்தது.

“மாமி,” என்றேன், “என்ட மெசினுக்குள்ள உடுப்பு ஒண்டும் போடாமல் வெறுமையா ஓடவிடலாம். சூடான காத்து மட்டும் வரும். உங்கட ஜன்னலில இருந்து புடவையைச் சந்துக்குள்ள தொங்கவிட்டால் காத்து அதைப் பிடிச்சுக்கொண்டு மேல வரும். நான் தொடத் தேவையில்லை. ஒருத்தரும் தொடத் தேவையில்லை.” கொஞ்சம் நிறுத்தினேன். “வழி திறந்திருந்தால்.”

மாமா ஃபேனைப் பார்த்தார். மாமி புடவையைப் பார்த்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

“உள்ள ஒண்ணும் இருக்காதே?” என்று கேட்டார் மாமி.

“ஒண்டும் இராது.”

“ஒரு கர்ச்சீப்கூட?”

“இல்லை மாமி. வடிகட்டியையும் கழுவிப் போடுறன்.”

“நீ குளிச்சாச்சோ?”

“காலமை குளிச்சனான்.”

“இன்னொரு தரம் குளிச்சுட்டுப் பட்டனை அமுக்கு.”

மாமா வாயைத் திறந்தார். “ஏண்டி, அவ ஆத்துக் காத்து ஆகாதுன்னுதானே நீ...”

“காத்துக்கு ஏது மடி, ஏது விழுப்பு?” என்று மாமி அவரை வெட்டினார். “காத்து காத்துதான். நீங்க சும்மா இருங்கோ.” இரண்டு மாதமாக என் உடுப்பை ஈரத்தில் வைத்திருந்த கொள்கை, கண் இமைக்காமல் தலைகீழாகத் திரும்பிவிட்டது. பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “முருகேசா! ஏணியைக் கொண்டா!”

முருகேசன் ஏணியோடு வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. நேரே சந்துக்குள் போய், நேரே ஏறி, நேரே கையை விட்டார். சாம்பல் நிறத்தில் விறைத்துப் போய் வேட்டி வெளியே வந்தது. என் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் அவர் முகம் இருந்தது.

“புறா மேடம்,” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “புறா உள்ள பூந்துரும்னு...”

“ஓம். புறா பொல்லாதது,” என்றேன்.

இரண்டாம் முறை குளித்தேன். வெறும் உருளையை ஓடவிட்டேன். மேலே மாமாவும் மாமியும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கழியை நீட்டிக் கட்டி, குச்சியால் புடவையைத் தள்ளித் தள்ளி இரட்டையாகத் தொங்கவிட்டார்கள். அரக்குத் துணி ஆடி ஆடி இறங்கி என் ஜன்னலுக்கு நேரே வந்தது. கழிவுநீர்க் குழாயில் அது பட்டால் எல்லாம் போயிற்று. “இடப் பக்கம் மாமி, இன்னும் கொஞ்சம்” என்று நான் கீழேயிருந்து சொன்னேன். “இப்ப?” “இப்பச் சரி.” “பைப்புல படலையே?” “படேல்லை.” காற்று துளையிலிருந்து வந்து துணியின் இரண்டு மடிப்புக்கும் நடுவில் புகுந்தது. புடவை பாய்மரம் மாதிரி உப்பியது. எனக்கு அரை முழத் தூரத்தில் இருந்தது. ஒரு விரலை நீட்டினால் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிடலாம். காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. நான் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து மாமி எட்டிப் பார்த்தார். என் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். திருப்தியோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மேல்வீட்டிலிருந்து மந்திரமும் நெய் மணமும் வந்தன. ஸ்ரார்த்தச் சாப்பாடு வெளியாருக்குக் கிடையாது என்று முருகேசன் சொன்னார்; அன்றைய மத்தியானச் சாப்பாட்டை நான் கிண்டியில், மீனோடு, சாப்பிட்டேன். மாலையில் மாமியின் மூச்சு விசில் அடிக்கவில்லை என்பதைப் படிக்கட்டில் நின்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

இரண்டொரு நாளில் மாமி முதல்முறையாக என் வீட்டைத் தேடி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, மெஷினை எப்போது ஓட்டலாம் என்று சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். காலையில் பூஜை முடியும்வரை கூடாது. விளக்கேற்றும் நேரம் கூடாது. அமாவாசை, ஏகாதசி, வெள்ளிக்கிழமை முழுக்கக் கூடாது. சாமி வெளியே வரும் நாளிலும் கூடாது. “அந்த வாசனைத் தண்ணி வேண்டாம், இருமல் வரது. நீ குடுத்த பாட்டிலைப் பாத்ரூம் அலம்ப வச்சிண்டிருக்கேன், நன்னா இருக்கு.” எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மிஞ்சிய நேரம், பெர்கன் பலகையில் பூட்டு மாட்டி நாங்கள் வாங்கிய நேரத்தைவிடத் தாராளம். வேட்டியைப் பற்றி அன்றும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்தது. தெருவில் கோலங்கள் அகன்றன. நான் பெட்டி கட்டினேன். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தினமும் படிக்கட்டுவரை போய்த் திரும்பினேன்; இல்லை என்ற பதிலைச் சுமந்துகொண்டு விமானம் ஏறுவதைவிடப் பார்ப்போம் என்பதோடு ஏறுவது சுலபமாகத் தோன்றியது. கிளம்பும் காலை, சாவியோடு மேலே போனேன். மாமி கொடியில் குச்சியால் துணி ஏற்றிக்கொண்டிருந்தார்.

“மாமி, நான் போட்டு வாறன். வீட்டு விஷயம்...”

“நீ பாட்டுக்கு ஒரு மாசம் போயிடுவே,” என்றார் அவர், குச்சியை இறக்காமல். “அந்த ஓட்டையைத் திறந்து போட்டா நிஜமாவே புறா கூடு கட்டிடும். அப்புறம் உன் மெஷினுக்குள்ள குஞ்சு பொரிக்கும். முருகேசன்கிட்டச் சொல்லி அந்த வேஷ்டியை வச்சு அடைக்கச் சொல்றேன். வந்ததும் சொல்லு, எடுத்துடலாம்.”

“அக்ரிமென்ட்?”

“மாமா டைப் அடிச்சு வச்சிருக்கார். வந்து கையெழுத்துப் போடு. இப்ப தள்ளிக்கோ, மடித்துணி.”

இதைப் பெர்கனில் இருந்து எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாக மழை இல்லை, கொஞ்சம் வெயில்கூட. ஒரு பால்கனியிலும் உடுப்பு இல்லை. அம்மா என்னை வாஸ்கேரிக்கு அனுப்பினாள்: “நீதான் இப்ப மிசினில கெட்டிக்காரி.” உடுப்பைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கட்டடத்தின் பின்சுவரில் தொர்க்கத்ரொம்மலின் காற்று வெளியே வரும் துளை இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது பள்ளிவிட்டு வந்து கை சூடேற்றிய இடம். பனிக்குளிரில் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. இங்கே இந்தத் துளை நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூச்சு விடும். அங்கே என் வீட்டுத் துளையில், நான் திரும்பி வரும்வரை வேறு எதுவும் குடியேறாமல், வைத்தி மாமாவின் வேட்டி காவல் இருக்கிறது.

கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் ஆவிக்கு முன்னால் நீட்டினேன். குளிருக்கு அவை தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. நாயோடு நடந்துபோன ஒரு நோர்வேக்காரர் நின்று என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கூப்பிய என் கைகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதானே, சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனார்.